சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய நிலம் யாருக்குச் சொந்தம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் தந்தை 1991-ல் அறுபது சென்ட் நஞ்சை நிலத்தைக் கிரயம் வாங்கினார். பதிவான பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு மூலமான 1932-ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரமும் இருக்கிறது. குடும்பம் வேலைக்காக வெளியூர் போய்விட்டது. பக்கத்து நிலத்துக்காரர் பத்து ஆண்டுகளுக்கு முன் வேலியை நகர்த்தி, அறுபது சென்ட்டையும் தன் வயலோடு சேர்த்து உழுது வருகிறார். கேட்டால், "பட்டா என் அப்பா பெயரில். பாடுபடுவது நான். அப்புறம் நிலம் யாருடையது?" என்கிறார். உங்கள் கேள்வி: "சொந்தம் என்பது காகிதமா, கைவசமா, உழைப்பா? சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டும் போதாது. எது நியாயம் என்றும் சொல்லுங்கள்."

காவிரிப் படுகையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். கட்சிக்காரர்கள் பொதுவாக இந்தக் கேள்வியின் முதல் பாதியைத்தான் கேட்பார்கள். இரண்டாம் பாதியையும் நீங்கள் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரான பதில் முதலில். நீங்கள் சொன்ன விவரங்கள் சரியாக இருந்தால், நிலம் உங்கள் குடும்பத்தினுடையது. பட்டா உரிமை மூலம் ஆகாது. ஆனால் உங்களுக்கு இருக்கும் காலம் குறைவு. ஏன் குறைவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்த 1932 பத்திரத்தை வெளியே எடுங்கள். அந்தக் காலத்துக் கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இருக்கும். மூச்சு விடாமல் எழுதியிருப்பார்கள்: நான்கெல்லைக்குள் உட்பட்ட நிலத்தை "நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோக தேஜஸ் சுவாமியங்களுடன், தான ஆதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சந்திர சூரியர் உள்ளவரை" ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்று. சில பத்திரங்களில் மரங்களைக் குறிக்கும் 'தரு' என்ற சொல்லும் சேர்ந்துகொள்ளும். ஆவண எழுத்தர்கள் வழிவழியாகப் பார்த்து எழுதிய வாய்பாடு என்று எல்லாரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் இந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலத்தின் சொந்தம் என்பதை இந்த வாக்கியம் ஒரு பொருளாகப் பார்க்கவில்லை. எட்டுப் பலன்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நிதி, மண்ணுக்குள் கிடக்கும் புதையல். நிட்சேபம், ஒருவர் வைத்துவிட்டுப் போன பொருள். ஜலம், நீர். பாஷாணம், கல்லும் கனிமமும். அட்சீணி, குறையாமல் நின்று பலன் தருவது. ஆகாமி, இனி வந்து சேரப்போவது. சித்தம், இன்று விளைந்து நிற்பது. சாத்தியம், இன்னும் விளையாதது, உழைத்தால் விளையக்கூடியது. முதல் நான்கும் நிலத்தின் ஆழத்தை அளக்கின்றன, பின் நான்கும் காலத்தை அளக்கின்றன. விற்பவர் மண்ணை மட்டும் கொடுக்கவில்லை, அதன் எதிர்காலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

ஆங்கிலேய சட்ட அறிஞர் டோனி ஹானரே 1961-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சொத்துரிமை என்பது பதினோரு கூறுகள் சேர்ந்த கட்டு என்றார். கைவசம் வைத்திருப்பது, பயன்படுத்துவது, நிர்வகிப்பது, வருமானம் பெறுவது, விற்பது, பிறருக்கு விட்டுச் செல்வது, காலக்கெடு இல்லாமல் இருப்பது என்று அந்தப் பட்டியல் நீளும். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலக்கெடு இல்லாமையை நம் எழுத்தர் "சந்திர சூரியர் உள்ளவரை" என்றார். விற்கும் உரிமையோடு தானம் கொடுப்பது, ஈடு வைப்பது, மாற்றிக்கொள்வது ஆகியவற்றையும் "தான ஆதி விநிமய விக்கிரயம்" என்ற ஒரே தொடரில் அடக்கிவிட்டார். ஹானரேயின் பட்டியலில் இருந்து நம் வாக்கியத்தில் இல்லாதவை இரண்டு: பிறருக்குத் தீங்கு வரும்படி பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று, உடைமையாளர் பட்ட கடனுக்காக அது பறிபோகலாம் என்பது மற்றொன்று. நம் வாக்கியம் பலன்களை மட்டும் எண்ணியது. அவர் சுமைகளையும் எண்ணினார். இந்த இடத்தில் ஹானரே சொன்னதே சரி.

சொந்தம் ஒரு கட்டு என்பதைப் புரிந்துகொண்டால், கட்டிலிருந்து ஒரு குச்சி போனாலும் மீதி நிற்கும் என்பதும் புரியும். உங்கள் எட்டு போகங்களில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

நிதி: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் யாரும் இல்லை என்று முடிவாகி, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆக, 1932-ல் எழுதியபோதே நிதி முழுதாக உங்களுடையது அல்ல.

ஜலம்: 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. ஆனால் என் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே நீர்தான். கேரளத்துப் பிளாச்சிமடாவில் குளிர்பான ஆலை ஒன்று நீரை உறிஞ்சிய வழக்கில், 2003-ல் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றார். 2005-ல் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அந்தத் தனி நீதிபதியின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆயிரம் அடி ஆழ்துளையில் மோட்டாரை இறக்குகிறவர் தன் அறுபது சென்ட்டின் நீரை மட்டும் எடுப்பதில்லை.

பாஷாணம்: 2013-ல் உச்ச நீதிமன்றம், முன்பு சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் நிலங்கள் குறித்த ஒரு வழக்கில், சட்டம் போட்டுப் பறிக்காதவரை அடிமண்ணும் கனிமமும் மேல்மண்ணின் உரிமையாளருக்கே என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும், உங்கள் நிலத்துக் கிராவல் மண்ணை அனுமதி இல்லாமல் வெட்டி விற்க முடியாது. தரு: தானாக முளைத்த சந்தன மரத்தைக்கூட வனத்துறையைக் கேட்காமல் வெட்ட முடியாது. சாத்தியம்: நஞ்சையை மனையாக்கலாம் என்ற சாத்தியம் முழுவதும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கையில் இருக்கிறது.

இவ்வளவு போன பிறகும் நிலம் உங்களுடையதுதானா என்றால், ஆம். உங்களைக் கேட்காமல் வேறொருவர் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பது மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சத்தைத்தான் பக்கத்து நிலத்துக்காரர் தொட்டிருக்கிறார்.

அவர் பேச்சில் மூன்று வாதங்கள் கலந்து கிடக்கின்றன. பட்டா, உழைப்பு, நீண்ட அனுபவம். மூன்றுக்கும் வேர் வேறு வேறு.

பட்டாவின் கதை பாராமகாலில், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்குகிறது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து அது கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு ரயத்தோடும், அதாவது உழவரோடும், நேரடியாகத் தீர்வை பேசினார்கள். இந்த நிலத்துக்கு இவ்வளவு தீர்வை, கட்ட வேண்டியவர் இன்னார் என்று எழுதிக்கொடுத்த சீட்டு, பட்டா. அதாவது வரி கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அரசு குறித்துவைத்த பெயர். அந்த அடிப்படை இன்னும் மாறவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் உரிமை பிறக்காது, இறங்குவதால் சாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, 2021-லும் சொன்னது. உங்கள் வழக்கில் அவருடைய தந்தை பெயர் 1980-களில் ஏறியிருக்கிறது. யு.டி.ஆர். என்று கிராமங்களில் சொல்லும் நிலப்பதிவுகளைப் புதுப்பிக்கும் பணி அப்போது நடந்தது. அதில் நுழைந்த பிழைகளை இன்று வரை மாவட்ட வருவாய் அலுவலர்கள் விசாரித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துப் புல எண்ணின் பெயர் உங்கள் புல எண்ணில் ஏறியிருப்பது நான் நூறு வழக்குக் கட்டுகளிலாவது பார்த்த பிழை.

அதற்காக உங்கள் பத்திரம் கல்லில் செதுக்கியது என்றும் நினைத்துவிடாதீர்கள். தென் ஆஸ்திரேலியாவில் 1858-ல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே பதிவாவது ஆவணம் மட்டுமே. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால்தான் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரத் தொடர்ச்சியும் இவ்வளவு முக்கியமாகின்றன. 1932 முதல் 1991 வரை இடையில் அறுபடாமல் வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு பாகப்பிரிவினை, பதிவு செய்யாத ஓர் உயில் என்று நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

அடுத்து உழைப்பு. மூன்றில் நான் மிகவும் மதிக்கும் வாதம் இது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் சொன்னதன் சாரம்: என் உடல் எனக்குச் சொந்தம், ஆகவே என் உழைப்பும் எனக்குச் சொந்தம், யாருக்கும் சொந்தமில்லாத மண்ணோடு என் உழைப்பைக் கலந்தால் அந்த மண்ணும் என்னுடையதாகிறது, பிறருக்குப் போதுமான அளவும் அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ராபர்ட் நோசிக் 1974-ல் இதை மடக்கினார்: என் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, நான் சாற்றை இழந்தேன் என்றுதானே ஆகும்? பக்கத்து நிலத்துக்காரருக்கு இதைவிட எளிய பதில் உண்டு. லாக் பேசியது யாருக்கும் சொந்தமில்லாத மண்ணைப் பற்றி. உங்கள் தந்தை விலை கொடுத்து வாங்கிய மண் அப்படிப்பட்டது அல்ல.

ஆனால் லாக்கிடம் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று இருக்கிறது. என் குதிரை மேய்ந்த புல்லும் என் வேலையாள் வெட்டிய புற்கரணையும் என் சொத்து என்று அதே பகுதியில் எழுதுகிறார். உழைத்தவனுக்கே உரிமை என்று சொன்னவர், வேலையாளின் உழைப்பை எசமானின் கணக்கில் எழுதிவிட்டார். தஞ்சைப் பகுதியில் பிறந்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. நாற்று நட்டதும் களை பறித்ததும் கதிர் அறுத்ததும் பண்ணையாட்கள். அஷ்டபோகங்களில் ஒன்றுகூட அவர்கள் பெயரில் எழுதப்படவில்லை. குடிசை போட்ட இடம்கூட மிராசுதாரருடையது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது; அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். 'விக்கிரயம்' என்ற குச்சியை வேண்டுமென்றே உருவி எடுத்துவிட்டுக் கொடுத்த சொத்து அது. ஏழையின் கையில் விற்கும் உரிமை இருந்தால் கடன்காரர் அதை வாங்கிவிடுவார் என்று கணித்தார்கள். நிபந்தனை இருந்தும் ஏராளமான பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது. அவற்றை மீட்கும் போராட்டம் இன்றும் ஓயவில்லை. குடியிருப்பு மனைக்கான உரிமை பண்ணையாட்களுக்குச் சட்டமாக வர 1971 ஆயிற்று. உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் குத்தகை உழுத குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்திருந்தால், 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும், நானும் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவருக்குச் சொந்தமாகவே நான்கு ஏக்கர் இருக்கிறது. அவர் வேலியை நகர்த்தினார், அவ்வளவுதான்.

உங்கள் பத்திரத்தில் இன்னொரு தொடர் இருக்கிறது: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்". மகன், மகன் வழிப் பேரன். மகள் என்ற சொல்லே இல்லை. 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம பங்கு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்பே மணமான பெண்களை விட்டுவிட்டது. நாடு முழுமைக்கும் 2005-ல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு அக்காள்கள் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தந்தை தானே சம்பாதித்து வாங்கிய நிலம், உயில் எழுதாமல் காலமானார் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் அக்காள்களுக்கும் சம பங்கு. வழக்கில் அவர்களும் சேர வேண்டும். 'என் நிலம்' என்று நீங்கள் எழுதிய இடங்களில் எல்லாம் 'எங்கள் நிலம்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வாதம், நீண்ட அனுபவம். அவர் கையில் இருக்கும் ஆபத்தான ஆயுதம் இதுதான். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், சொத்துரிமை இயற்கையில் இருப்பது அல்ல, மனிதர்கள் ஒருவர் கைவசத்தை மற்றவர் கலைக்காமல் இருக்கப் பழகிக்கொண்ட உடன்பாடு என்றார். நீண்ட காலம் ஒருவர் கையில் இருந்தால் ஊரின் மனம் அதை அவருடையதாகவே பார்க்கப் பழகிவிடும். சட்டம் இந்தப் பழக்கத்துக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தால், மீட்க வழக்குப் போடும் உங்கள் உரிமை போய்விடும். அதோடு நிற்பதில்லை. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மூன்று ஆண்டுக் கெடு முடிந்தால் வழக்குப் போட முடியாதே தவிர, கடன் கடனாகவே நிற்கும். நிலத்தில் அப்படி இல்லை. பிரிவு 27-ன்படி உரிமையே அழிந்துபோகிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைக் கடுமையாக விமர்சித்து, மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023-ல் சட்ட ஆணையம் மாற்றம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்புக்குப் பிறகு, இப்படி அனுபவித்தவரே வாதியாக வந்து வழக்குத் தொடரவும் முடியும்.

அரசுக்கு மட்டும் இந்த வாசல் அடைபட்டிருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையின் நிலத்தை 1967-68-ல் சாலைக்காக எடுத்துக்கொண்டு, இழப்பீடு தராமல், பின்னாளில் நீண்ட அனுபவத்தால் எங்களுடையதாகிவிட்டது என்று மாநில அரசு வாதிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, இழப்பீடு தர உத்தரவிட்டது. குடிமகனின் சொத்தை இப்படி விழுங்க அரசுக்கு உரிமை இல்லை என்றது. 1978-ல் அரசியலமைப்பின் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்து 300அ பிரிவில் வைத்த பிறகும், அது வெறும் காகித உரிமை ஆகிவிடவில்லை என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் தீர்ப்பு இது.

இப்போது உங்கள் கணக்கு. வேலி நகர்ந்து பத்து ஆண்டுகள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மிச்சம். அவர் வாதத்தில் ஓர் ஓட்டையும் உண்டு: பட்டா இருப்பதால் நிலம் தொடக்கம் முதலே என்னுடையது என்கிறவர், உங்கள் உரிமையை எதிர்த்து அனுபவித்தேன் என்று அதே வாயால் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. அந்த ஓட்டையை நம்பிக் காத்திருக்காதீர்கள். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினால் கெடு நிற்காது. பட்டா மாற்றத்துக்கு மனுப் போட்டாலும் நிற்காது. வழக்குத் தாக்கலாக வேண்டும்.

எப்படிப்பட்ட வழக்கு என்பதும் முக்கியம். கைவசம் அவரிடம் இருப்பதால், அனுபவத்தில் தலையிடக் கூடாது என்று தடுக்கும் உறுத்துக்கட்டளைப் பரிகாரம் மட்டும் கேட்டால் தள்ளுபடி ஆகும். நிலம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகை, நிலத்தைத் திரும்பக் கையில் பெறும் சுவாதீனம் மீட்பு இரண்டும் சேர்த்துக் கேட்க வேண்டும். விளம்புகை கிடைத்துவிட்டால், 1983-ஆம் ஆண்டின் பட்டாப் பாஸ்புத்தகச் சட்டப்படி வருவாய்ப் பதிவை அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். அதற்கு முன்பே புலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலும், கிராமத்து நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டு நகலும் எடுத்து, நில அளவையரை வைத்து அளந்துவிடுங்கள். அறுபது சென்ட்டும் உங்கள் புல எண்ணுக்குள்தான் வருகிறதா என்று தெரியாமல் நீதிமன்றப் படி ஏறக் கூடாது.

ஆட்களைக் கூட்டிப் போய் வேலியைப் பிடுங்கிவிடலாம் என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். நிலம் யாருடையது என்றே கேட்காமல், சட்டப்படியன்றி வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே வைக்க 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் பிரிவு 6 இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டால், உங்கள் 1932 பத்திரத்தையும் 1991 பத்திரத்தையும் அந்த வழக்கில் யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.